கோமுகத்து அடைப்பு

நான் போய்ச் சேர்வதற்குள் சுவரில் சாக்பீஸ் வட்டம் போட்டுவிட்டார்கள்.

இளையரசனேந்தல் பக்கம் ஒரு கிராமம். பாண்டியர் காலத்துச் சிவன் கோயில். கோயில் திருப்பணிகளைப் பார்க்கும் இன்ஜினியராக நான் சங்கரன்கோவிலில் இருந்த கடைசி வருடம் அது. கருவறையின் வடக்குச் சுவரில், அபிஷேகத் தண்ணீர் வெளியே விழும் கோமுகத்துக்குச் சற்றுத் தள்ளி அந்த வட்டம் இருந்தது. சுவரின் அடிப்பகுதியான அதிஷ்டானத்தில் அங்கே வரிசையாக யாளிகள். ஒன்று முறைக்கும், ஒன்று சிரிக்கும். வட்டம் போட்டிருந்தது சிரிக்கிற யாளியின் முகத்தைச் சுற்றி. பக்கத்தில், வட்டமாகத் துளை போடும் கோர் கட்டிங் மிஷின் தயாராக நின்றது. அதை ஓட்டுகிறவர் கடையநல்லூர்க்காரர், துபாயில் கான்கிரீட் துளைத்துப் பழகியவர்.

அந்தச் சுவரில் சாந்து கிடையாது. கல்மேல் கல் தன் எடையில் நிற்கிறது.

"யாரு இந்த வட்டத்தப் போட்டது?"

"நாந்தான்," என்றார் தர்மகர்த்தா அண்ணாச்சி. "நாளக்கழிச்சி சிவராத்திரி மேடம். விடிய விடிய அபிஷேகம். இப்பவே உள்ள கணுக்கால் தண்ணி நிக்கு. கும்பாபிஷேக வேலையில உள்ள கல்லு சரிஞ்சி கோமுகம் அடைச்சிட்டு. பக்கத்துல ஒரு ஓட்டையப் போட்டா சோலி முடிஞ்சிது."

"சுவரோட சோலியும் சேந்து முடிஞ்சிரும் அண்ணாச்சி."

"அப்ப நீங்களே வழி சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள தண்ணி போகலன்னா மிஷின ஓட்டச் சொல்லிருவேன். ஊருக்குப் பதில் சொல்லுதது நானா, நீங்களா?"

வேறு இன்ஜினியர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் எங்களுக்கு உண்டு. பாலாலயம் செய்து சுவாமியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்தால் ஒழிய, குருக்களைத் தவிர யாரும் கருவறைக்குள் போக முடியாது. நோயாளியைத் தொடாமல் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் வாசலில் நின்று கேட்டேன், குருக்கள் உள்ளே தடவிப் பார்த்துச் சொன்னார்.

"கை எவ்வளவு தூரம் போகுது சாமி?"

"ஒரு சாண் போறது. அதுக்கப்புறம் கல்லாட்டம் இருக்கு."

"சரிஞ்ச கல்லுன்னா முனை இருக்குமே?"

"முனையே காணோம். வழவழன்னு இருக்கு."

வெளியிலிருந்து எட்டு எம்எம் கம்பியைக் கோமுகத்துக்குள் விட்டோம். டொக்கென்று நின்றது. "கல்லுதான்னு சொன்னேம்லா," என்றார் அண்ணாச்சி. கம்பியைத் தரையில் போட்டுவிட்டு மேலதிகாரிக்கு போன் செய்தேன். "லோக்கல்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா," என்றார் அவர். இதைச் சொல்ல ஒரு அதிகாரி வேண்டுமா?

உச்சி வெயிலில் இன்னொரு தடவை முயன்றோம். கல் தரையில் கிடந்த கம்பி கொதித்துப் போயிருந்தது. மிஷின்காரர் துணி சுற்றிப் பிடித்து, உள்ளே விட்டு, அழுத்தி உருவினார். நுனியில் கருஞ்சிவப்பாக எதுவோ ஒட்டியிருந்தது. கல் கம்பியில் ஒட்டாது. குருக்களிடம் காட்டினேன். அவர் மோந்து பார்த்தார்.

"குங்குலியம்! இது அஷ்டபந்தன மருந்துன்னா!"

லிங்கத்துக்கும் ஆவுடையாருக்கும் நடுவில் உள்ள இடுக்கை மூடக் கும்பாபிஷேகத்தில் சாத்தும் மருந்து. கொம்பரக்கு, குங்குலியம், மெழுகு, காவிக்கல் எல்லாம் வெண்ணெய் விட்டு இடித்தது. சாத்தும்போது மாவுபோல் இருக்கும். பிறகு கல்லாக இறுகிவிடும். சூடு பட்டால் இளகும்.

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மிச்சம் கெடந்துச்சி மேடம். சாமிக்குச் சாத்துன மருந்தக் குப்பையில போடச் சொல்லுதியளா? காலுல மிதிபடக் கூடாதுல்லா. கோமுகம்னா சுத்தமான எடம்னு நெனச்சி, உருட்டி உள்ள தள்ளி வச்சேன்."

சிரிப்பதா, திட்டுவதா? இரண்டையும் செய்தேன்.

உள்ளேயிருந்து வெந்நீர் ஊற்றலாம் என்றார் குருக்கள். வேண்டாம் என்றேன். லிங்கத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அதே மருந்துதானே. கம்பியை மடப்பள்ளி அடுப்பில் காய்ச்சி, நுனியை வளைத்து, வெளியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்தோம். வெயில் சாயும் நேரம், உள்ளே நின்ற தண்ணீர் வில்வ இலைகளோடு கொட்டத் தொடங்கியது. அப்பாடா என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வந்தது, மறைக்கவில்லை.

"நல்லதாப் போச்சி மேடம்," என்றார் மிஷின்காரர், ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "காலையிலேந்து அந்தச் சிரிக்கித மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கேன். மிஷின வைக்க மனசே வரல."

அண்ணாச்சியே துண்டை நனைத்து யாளியின் முகத்தைத் துடைத்தார். பிறகு, தோண்டி எடுத்த மருந்தை வாழையிலையில் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், இப்ப இத எங்கன போட?"

குருக்கள் பதறிப்போய் வில்வ மரத்தடியைக் காட்டினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எது உடைந்தது என்று தேடுவதற்கு முன்னால், தூரப்போட மனமில்லாமல் எதை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கும்பாபிஷேகத்துக்குப் போனாலும், மிச்ச மருந்து எந்த மரத்தடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுகிறேன்.