கதிரைகளைக் கேட்டவர்

மேடையில் தந்தி வாத்திய நால்வரின் வில்கள் நான்கும் ஒன்றாக உயர்ந்து நின்ற மௌனத்தில்தான், நானும் இப்படியோர் இசை எழுதவேண்டும் என்று பட்டது. அதை இயற்றியவர் உயிரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது என்னை இன்னும் உசுப்பிவிட்டது.

மண்டபக் கதவடியில் காவல் நின்ற ஊழியர் நம்மவர், ஊர்த் தமிழர். கறுப்புக் கோட், மினுக்கிய சப்பாத்து. ஒரு பகுதி முடியும்வரை யாரையும் வெளியே விடமாட்டார். இருமல் வந்த மூதாட்டியைக்கூட விரல் உயர்த்தி நிறுத்தினார்.

இடைவேளையில் கேட்டேன்: "அண்ணை, இசை பிடிச்சுதோ?"

"இசையை ஆர் கேட்டது தம்பி? நான் கேக்கிறது ஆக்கள் இருக்கிற கதிரையளை. கிறீச்செண்டால் ஆள் எழும்பப் போகுது. இண்டைக்குப் பதினொரு கிறீச். உதை எழுதிப்போட்டு முன்னுக்கு இருந்த மனுசனுக்கும் கேட்டிருக்கும், பாவம்."

இரண்டு மாதம் கழித்து, நான் எழுதிய முதல் நால்வர் இசையைக் கணினியில் வாசிக்கவைத்து, போனில் கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு நிமிடமும் அசையாமல் கேட்டார். இயர்போனைத் துடைத்துத் தந்தார்.

"உதை வாசிக்கேக்க என்னைக் கதவடியில விடாதையும். நான்தான் முதல் ஆளா வெளிக்கிடுவன்."

அவர் சிரிக்கவில்லை. வீடிருந்த ஸ்காபரோவரை பஸ்ஸில் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால், பிறகு ஏன் முழுவதையும் கேட்டார்?

இப்போது இரண்டாவதை எழுதுகிறேன். முடிந்ததும் அவரை உட்காரவைத்தே கேட்கவைப்பேன், அந்த மண்டபத்திலேயே அதிகம் கிறீச்சிடும் கதிரையில்.