ஏழு புள்ளி நாலு

எங்கள் வேதியியல் துறையில் அவரைக் குனி மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் பக்கத்தில் இல்லாதபோது. பியூரெட் என்ற அளவுக் குழாயில் திரவத்தின் மட்டத்தை நின்ற வாக்கில் பார்த்தால் அளவு தப்பும். கண்ணை அதே உயரத்துக்கு இறக்க வேண்டும். "குனிஞ்சு பாரு" என்று பத்தொன்பது வருடமாக முதலாண்டுப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. பழக்கம் அவரையும் விடவில்லை. ஒருநாள் பேருந்தில் ஓட்டுநருக்கு முன்னால் இருந்த வட்டத்தைக் குனிந்து பார்த்து, "டீசல் கம்மியா இருக்கேப்பா" என்றிருக்கிறார். "அது கடிகாரம்மா, உக்காருங்க" என்று பதில் வந்ததாம். இதை அவரே எங்களிடம் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவர் அறையில் எதிர் மேசை என்னுடையது. சேர்ந்து எட்டு மாதம்தான். ஆனாலும் அவருடைய புதன்கிழமைகள் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று பத்து மணியிலிருந்து அவர் வகுப்பு ஆசிரியை இல்லை, மாணவர் ஆலோசகர். வாசலில் மூன்று முக்காலிகள், மூன்றிலும் கவலைகள். வருகைப்பதிவு குறைந்தவன், கணக்குப் பாடத்தில் இரண்டாம் முறை விழுந்தவள், தலைவலி என்று வந்துவிட்டுத் தலைவலியின் பெயரைச் சொல்லாமல் போகிறவன். எல்லோருக்கும் ஒரே தொடக்கம்: "சொட்டுச் சொட்டா சொல்லு. மொத்தமா ஊத்தாதே."

அந்தப் புதன்கிழமை வந்த பெண் மூன்றாவது பெஞ்சுக்காரி. முக்காலியில் உட்காராமல் ஒரு படிவத்தை நீட்டினாள். வேதியியலை விட்டு வணிகவியலுக்கு மாறுவதற்கான படிவம். ஆலோசகர் கையெழுத்து இருந்தால்தான் செல்லும். அன்று மாலை நாலு மணியோடு கெடு முடிகிறது.

"ஏன்மா?"

"எனக்குக் கை வரல மேடம். எல்லாருக்கும் விடை வருது, எனக்கு மட்டும் வரல."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்தான். நேத்துகூட."

"வணிகவியல் பிடிக்குமா?"

"பிடிக்காது. ஆனா அங்க யாரும் கண்ணாடிக் குழாயைக் கையில குடுக்க மாட்டாங்க."

மேடம் நாற்பது நிமிடம் பேசிப் பார்த்தார். தன் முதல் வருடத்தில் ஒரே வாரத்தில் ஆறு பிப்பெட் உடைத்த கதையைச் சொன்னார். அவள் மரியாதைக்குச் சிரித்தாள். கடைசியில் மேடம் கையெழுத்துப் போட்டார். அவள் போனதும் என் பக்கம் திரும்பி, "பிடிச்சு உக்கார வைக்க நான் என்ன பல் டாக்டரா" என்றார். ஆனால் பேனாவை மூடாமலே பையில் போட்டுக்கொண்டார்.

மதிய உணவுக்குப் பிறகு முந்தைய நாள் செய்முறை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். சோடியம் கார்பனேட் கரைசலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லியில் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாகிறது என்று பார்க்கும் சோதனை. மொத்தம் முப்பத்திரண்டு நோட்டுகள். இருபது, சரி. இருபது, சரி. பத்தொன்பது புள்ளி ஒன்பது, பலே. கை தானாக டிக் போட்டுக்கொண்டு போனது. கடைசி நோட்டில் நின்றது.

"தம்பி, இங்க வாங்க. இந்தப் பொண்ணைப் பாருங்க."

ஏழு புள்ளி நாலு. அடுத்த வரியிலும் அதுவே. ஏழு வரிகள், ஏழிலும் ஏழு புள்ளி நாலு. கீழே சின்ன எழுத்தில்: மன்னிக்கவும்.

"காலையில வந்த பொண்ணா?" என்றேன்.

"அவதான். தப்புன்னா இப்படியா ஏழு தடவையும் ஒரே மாதிரி வரும்? தப்பு பண்றவங்களுக்கு இவ்ளோ ஒழுங்கு கிடையாதே." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். முகம் மாறியது. பேனாவால் மேசை விரிப்பிலேயே ஒரு கணக்குப் போட்டார். எழுந்து ஆய்வகத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அலமாரியில் அந்த உப்புக்கு இரண்டு பாட்டில்கள் உண்டு. ஒன்றில் உலர்ந்த தூள். இன்னொன்றில் படிகம், அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். சோதனைக்குத் தூளைத்தான் எடுக்க வேண்டும்; அதே எடைக்குப் படிகத்தைப் போட்டால் உப்பு குறையும், அமிலமும் குறைவாகவே பிடிக்கும். வழக்கமாகக் கரைசல் தயாரிக்கும் லேப் அண்ணன் திங்கட்கிழமை விடுப்பு. மேடம்தான் செய்தார், கணவரோடு போனில் பேசிக்கொண்டே. அவர் பேசியது என் காதிலும் விழுந்தது: "எந்தக் கலர் திரைச்சீலை வாங்கினாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. பச்சை மட்டும் வேணாம்." அந்தப் பச்சை நிமிடத்தில் கை படிகப் பாட்டிலுக்குப் போயிருக்கிறது.

பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த கரைசலில் தானே சோதனை செய்தார். ஏழு புள்ளி நாலில் குடுவை வெட்கப்பட்டதுபோலச் சிவந்தது.

"அய்யோ, இவ ஒருத்திதான் பார்த்ததை எழுதியிருக்கா" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தைந்து. "நோட்டை எடுங்க தம்பி." சொல்லி முடிக்குமுன் ஓடத் தொடங்கியிருந்தார்.

வேதியியல் கட்டடத்திலிருந்து வெள்ளைக் கோட்டும் கண்ணாடியுமாக ஒரு மூத்த பேராசிரியை தலைதெறிக்க ஓடிவந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. பின்னால் நானும் அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி ஓடினேன். முதலில் மரத்தடியில் இருந்த நாலு பேர் எழுந்து ஓடினார்கள். பிறகு நூலகம் காலியானது. "என்ன கேஸ் லீக்?" என்று ஒருவர் ஓடியபடியே என்னைக் கேட்டார். "ஏழு புள்ளி நாலு" என்றேன். மூச்சு வாங்கியதில் அதுதான் வந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். யாரோ அபாய மணியை அடித்தார்கள். நாங்கள் அலுவலகத்தை அடைந்தபோது கவுண்டர் எழுத்தர் ஒரு கையில் முத்திரையும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாகப் புல்வெளியில் நின்றிருந்தார்.

உள்ளே ஒரே ஒருத்தி இருந்தாள். மூன்றாவது பெஞ்சுக்காரி, கம்பிக்குப் பின்னால் மேசையில் கிடந்த தன் படிவத்தைப் பார்த்தபடி.

"எல்லாரும் ஓடறாங்க, நீ இங்க என்ன பண்றே?" என்றார் மேடம், தூணைப் பிடித்துக்கொண்டு.

"சீல் இன்னும் வைக்கல மேடம். தீயா?"

"தீயும் இல்ல, புகையும் இல்ல. நான்தான் ஓடி வந்தேன். நேத்து உனக்கு எவ்ளோ வந்துச்சு?"

அவள் தலை தாழ்ந்தது. "ஏழு புள்ளி நாலு."

"எனக்கும் அதான் வந்துச்சு. கரைசலைத் தப்பாக் கலக்கினது நான். நீ சரியா பார்த்திருக்கே."

"அப்போ மத்தவங்களுக்கு இருபது எப்படி வந்துச்சு?"

"வரல. சீனியர் நோட்டுலேர்ந்து எழுதியிருக்காங்க."

"நான் நேத்து சாப்பிடக்கூடப் போகல மேடம். ஏழு தடவை பண்ணேன்." குரல் உயர்ந்தது; துக்கம் இல்லை, கோபம். "காலையில நாற்பது நிமிஷம் பேசினீங்க. எவ்ளோ வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும். பிப்பெட் கதையைச் சொல்லிட்டிருந்தேன்."

எழுத்தர் திரும்பி வந்தார், வாசலை மோந்து பார்த்துவிட்டு. "மணி மூணு அம்பத்தேழு. சீல் வைக்கவா, வேண்டாமா? ஒரு முடிவுக்கு வாங்கம்மா."

"அது அவ முடிவுங்க" என்றார் மேடம்.

அவள் முத்திரையைப் பார்த்தாள். "நாளைக்கு இதைக் கிளாஸ்ல நீங்களே சொல்லணும்."

"சொல்றேன்."

"முப்பத்தொரு பேரும் திரும்பப் பண்ணணும்."

"விடுவேனா."

"நான் பண்ண மாட்டேன்."

"நீ எதுக்குப் பண்ணணும்?"

அவள் கம்பிக்குள் கையை விட்டுப் படிவத்தை இழுத்துக்கொண்டாள். பதிவேட்டில் திரும்பப் பெற்ற காரணம் என்ன எழுத என்று எழுத்தர் கேட்டார். "ஆலோசகர் பிழை" என்றார் மேடம். அந்தக் கட்டத்தில் அத்தனை எழுத்து இடிக்கும் என்றார் அவர். "நெருக்கி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அவளையும் தொற்றிக்கொண்டது. வெளியே மணி அடித்துக்கொண்டே இருந்தது; அதை நிறுத்தச் சொல்ல எங்கள் மூவருக்கும் மூச்சு இல்லை.

மறுநாள் வகுப்பில் மேடம் இரண்டு பாட்டில்களையும் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். பிறகு முதல் பெஞ்சில் எப்போதும் கை தூக்குகிறவன் கையைத் தூக்காமல் எழுந்தான்.

"எனக்கும் ஏழு புள்ளி நாலுதான் மேடம் வந்துச்சு. என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன்."

"டேய், உனக்குமா?" என்றான் பக்கத்தில் இருந்தவன். அதன்பின் கட்டுப்படுத்த முடியவில்லை. நோட்டுகளைப் புரட்டிக் கடைசிப் பக்கங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்: பென்சிலில் எழுதி அழித்த ஏழு புள்ளி நாலு, அடித்துக் கிறுக்கிய ஏழு புள்ளி நாலு, ஒரே ஒரு ஏழு புள்ளி மூன்று. தான் ஒருத்தன்தான் தப்பு என்று ஒரு வகுப்பே தனித்தனியாகப் பயந்திருக்கிறது. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு, "பாவிகளா, ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா" என்றார்.

லேப் அண்ணன் புதுக் கரைசலைக் கொண்டுவந்து ஊற்றத் தொடங்கினார். முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியாக அவளும் ஒரு குடுவையோடு வந்து நின்றதைப் பார்த்து மேடம் புருவத்தைத் தூக்கினார்.

"நீ பண்ண மாட்டேன்னியே?"

"பண்ணல மேடம்" என்றாள். "எல்லாரும் எழுதின அந்த இருபது நிஜமாவே வருதான்னு பார்க்கணும்."