டாங்கி காலியான பிறகு

பெல்மதுளை ஊர் மாணிக்கக்கல் முதலாளி ஒருவர், குட்டிக்கரணம் அடிக்கும் பெரிய பெட்ரோல் ரிமோட் விமானத்தை ஒரு பக்கம் துரை பங்களாவும் மறுபக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயமும் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்துக்குக் கொண்டுவந்தார். டாங்கியை நிரப்பி வைத்தே தூக்கிப் பார்த்துவிட்டு, "பேலன்ஸ் சரி" என்றார்.

உதவிக்கு என்னோடு வந்தவர் எங்கள் ஃபேக்டரி ஃபிட்டர். எதைத் தொடும் முன்பும் விரல்களைச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்வார். அன்றும் துடைத்துக்கொண்டு பெட்ரோலை வடித்தார். ஒரு இறக்கையின் கீழே அவர் விரல், மறு இறக்கையின் கீழே என் விரல். தூக்கியதும் வால் தொங்கியது.

"பெட்ரோல் கொறைய கொறைய வால் கனக்குங்க முதலாளி. அப்புறம் சொன்னபடி கேக்காது. பேட்டரிய முன்னுக்குத் தள்ளிக் கட்டணும்," என்றார் ஃபிட்டர்.

"அதுக்கெல்லாம் நேரமில்லப்பா. பங்களாப் பக்கமா விடப்போறேன்? லயத்துப் பக்கம்தானே!"

ஃபிட்டர் எஞ்சின் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"லயத்துல பிள்ளைங்க இருக்குங்க. பேட்டரிய மாத்தினாத்தான் இதத் தருவேன்."

முதலாளி கத்தினார். ஃபிட்டர் அசையவில்லை.

ஃபிட்டர் டவுனிலிருந்து வேலைக்கு வந்துபோகிறவர். லயத்தில் பிறந்தவன் நான். "லயத்துப் பக்கம்தானே" என்றதும் முதலாளியோடு சேர்ந்து சிரித்தவனும் நான்தான்.