அவருடைய இடது கண்

மலாயாவில் காம்பாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்வெட்டு வேலை செய்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் அவை. மரத்தடியில் நிற்கும்போதே அவருக்குத் திடீரென்று முகம் கழுத்துவரை சிவந்துவிடும்; சட்டையைக் கழற்றி வீசுவார். கொஞ்ச நேரத்தில் வயிறு கலக்கிப் புதர்ப்பக்கம் ஓடுவார். கள்ளையே தொடாத மனிதரைப் பார்த்து, "விடியறதுக்குள்ளயே ஏத்திட்டியா?" என்று கங்காணி கேட்டார்.

ஒரு வருஷம் அப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரர், "மரமெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது புள்ள," என்றார். தீபாவளிக்குள் இடது கண் வெளியே பிதுங்கிவிட்டது. இமை மூடவில்லை; வலியும் விடவில்லை. அவர் கண்ணயர்ந்தாலும் அது என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். பக்கத்தில் உட்காரவே பயந்தேன். அப்படிப் பயந்ததற்காக வெட்கப்பட்டும் அழுதேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். கேட்கவில்லை. "ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா," என்றார். ரயிலில் என் வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டே வந்தார்.

அங்கே வெள்ளைக்கார டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, வயிற்றை வெகுநேரம் அழுத்தினார். கண்ணுக்கு வந்தவருக்கு வயிற்றில் என்ன?

கூட இருந்த தமிழ் உதவியாளர் சொன்னார்: "கட்டி மொதல்ல கொடல்ல வந்திருக்கும்மா. ஈரல்லயும் இருக்கு. அதுதான் ரத்தத்தோட போயி கண்ணுக்குப் பின்னால வளருது. கண்ண எடுத்தா வலி நிக்கும். கட்டி போவாது."

"மூஞ்சி ஏன் செவக்குது?" என்று கேட்டேன்.

"அது டாக்டருக்கே தெரியலம்மா."

அந்த மாதிரிக் கட்டிகள் எதையோ சுரந்து ரத்தத்தில் விடும், முகம் சிவப்பதும் வயிறு போவதும் அதனால்தான் என்று, நான் கிழவியான பிறகு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

"எடுத்துடச் சொல்லு, வலி தாங்கல," என்றார் என் வீட்டுக்காரர். கண்ணை எடுத்தார்கள்.

லயத்து வீட்டுக்குத் திரும்பியபின் தினமும் காலையில் அவருடைய வலது கண்ணை உற்றுப் பார்ப்பேன். சற்றே பிதுங்கியிருக்கிறதா, வெள்ளைவிழி சிவந்திருக்கிறதா என்று தேடுவேன். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பயமா இருக்கா புள்ள?"

"இல்லீங்க."

"எனக்கு இருக்கு."

அன்றுதான் இருவரும் மறைக்காமல் சேர்ந்து அழுதோம்.

அதன்பின் பத்து மாதம் இருந்தார். வயிறு வீங்கி, உடம்பு வற்றித்தான் போனார். வலது கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி நாள் காலையிலும், நான் வாசலில் கஞ்சி கொண்டுவருவதை அந்தக் கண்ணால் பார்த்து, "சூடா இருக்கும், மெல்ல வா," என்றார்.