மகளின் அறையில் ஒரு பகல் தூக்கம்

நான்கைந்து வருடங்களுக்கு முந்திய ஒரு ஜனவரி மாதம். எங்கள் ஊர் கல்முனைக்குப் பக்கத்தில், ஒரு புறம் கடலும் மறு புறம் வயலுமாக இருக்கிற ஊர். ஆனால் நான் சொல்லப்போகிற விஷயம் நடந்தது அங்கே இல்லை. மலைநாட்டில், ஒரு கல்வியியற் கல்லூரியின் பெண்கள் விடுதியில், ஓர் இரும்புக் கட்டிலின் மேல் நடந்தது. இதைச் சொன்னால் என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆங்கில ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கான கல்லூரியில் இடம் கிடைத்த அன்று வீடு பெருநாள் போல இருந்தது. பிறகுதான் அங்கே உள்ள சட்டம் தெரிய வந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் கல்லூரி விடுதியில்தான் தங்க வேண்டும். வெளியில் அறை எடுக்க முடியாது, சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்து போகவும் முடியாது. விடுதிக்குப் போகாவிட்டால் இடம் போய்விடும். எனக்குத் தலை சுற்றியது. அவள் எங்கே படிக்கப் போனாலும் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, நானும் கூடவே போய் இருந்து சமைத்துக் கொடுப்பதென்று மனதுக்குள் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இந்தப் பதற்றம் விளங்காது. எங்களிடம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகள் பிறந்த நாளிலிருந்து தாயும் தகப்பனும் அவளுக்கென்று கல்லும் சீமெந்தும் சேர்ப்பார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். நான் இருப்பதும் என் உம்மா எனக்குத் தந்த வீடுதான். தந்துவிட்டு அவர் அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார். ஆகவே ஆண்பிள்ளையை அனுப்பிவைக்க எங்களுக்கு நன்றாகத் தெரியும். என் மூத்த மகனைக் கலியாணத்தன்று இரண்டு தெரு தள்ளி அனுப்பிவைத்தேன், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பெண்பிள்ளையை எப்படி அனுப்புவதென்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது?

கேட்க ஆளில்லாததால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மகளுக்கு வீடு கொடுக்கிற நாளில் உள்ளே என்னென்ன வைப்போமோ, அதையெல்லாம் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் ஏற்றினேன். பஞ்சு மெத்தை, சின்ன அலுமாரி, எங்கள் வயல் அரிசி ஒரு மூட்டை, பீங்கான் கோப்பைகள், கருவாடு, தேங்காய். எல்லாவற்றுக்கும் மேலே புத்தம் புதிய மேசை ஃபேன் ஒன்று. எங்கள் ஊரில் ஃபேன் இல்லாமல் ஒருவரும் தூங்க மாட்டார்கள். மகள் ஒருமுறை, “உம்மா, அங்க குளிர்” என்றாள். எனக்கு அது காதில் ஏறவே இல்லை.

என் கணவருக்குக் கல்முனையில் ஒரு சின்னப் புடவைக்கடை. அதிகம் கதைக்காத மனிதர். அன்று காலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்தவர், வானில் ஏற முன்னர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“இஞ்ச பாரு. ஹொஸ்டலுக்குள்ள ஆம்புளையள விடமாட்டாங்களாம். நீதான் போய்ப் பாக்கணும். சரிவராதெண்டா புள்ளைய ஏத்திக்கிட்டு வா, ஊருக்கு வந்திருவம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

தனியே கூப்பிட்டாரே தவிர, மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. வானுக்குள் இருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வழி நெடுக அவள் கண்ணாடிக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம், திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவதென்ற எண்ணத்தோடுதான் நான் வானில் ஏறியிருந்தேன். சொல்லிக்கொள்ள ஒரு காரணம், ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும்.

எனக்கு வளைவான பாதை ஒத்துவராது. வாந்தி வராமலிருக்க ஒரு குளிசை வாங்கியிருந்தேன். ஒன்று போதும் என்று மருந்துக்கடையில் சொல்லியிருந்தார்கள். மலை ஏறத் தொடங்கியதும் பயத்தில் இன்னொன்றையும் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் கண்டதெல்லாம் கனவா நனவா என்று எனக்கே சரியாகத் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே பச்சை மலைகள் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு வளைவில் வெயில் இருந்தது, அடுத்த வளைவில் உலகமே இல்லை, வெறும் வெள்ளைப் பனி. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு நீர்வீழ்ச்சி வந்தது, ஒரு கோயில் வந்தது, தலையில் துணி கட்டிய பெண்கள் வந்தார்கள், எல்லோரும் சத்தமில்லாமல் கடந்து போனார்கள். காதுக்குள் ஏதோ ஒன்று குறைந்தது. நெடுநேரம் கழித்துத்தான் அது என்னவென்று பிடிபட்டது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கடல் இல்லை.

கல்லூரி வாசலில் வான் நின்றது. காவலாளி ஃபேனைப் பார்த்தார், சுற்றியிருந்த பனியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பாவம், சிரிப்பை அடக்கப் பெரிதாகப் பாடுபட்டார். ஒரு பெட்டி, ஒரு வாளி, படுக்கை விரிப்பு, இவ்வளவுதான் உள்ளே கொண்டு போகலாமாம். என் அலுமாரியும் மெத்தையும் மூட்டையும் வானிலேயே இருந்துவிட்டன. கணவர் ஒரு மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் மகளும் உள்ளே நடந்தோம்.

அறையில் நான்கு இரும்புக் கட்டில்கள். ஒன்றில் ஏற்கெனவே ஒரு சிங்களப் பிள்ளையும் அவளுடைய தாயும் இருந்தார்கள். தெற்குக் கடலோரத்து ஆட்கள். அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் விலை கேட்கிற அளவு. ஆளுக்காள் சிரித்துக்கொண்டோம். அதோடு நான் என் வேலையைத் தொடங்கினேன். சன்னல் கொளுவி உடைந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் தூசி. குளியலறை நீண்ட நடையின் அந்தத் தொங்கலில். குறை தேடிப் போனவளுக்குக் குறையா இல்லை? எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன்.

பெரிய குறை கடைசியில்தான் தெரிந்தது. அது நான் செய்த குறை. குளிருக்கு ஒரு கம்பளி கொண்டு வரவில்லை. ஃபேன் கொண்டு வந்தவள் கம்பளி கொண்டு வரவில்லை! வெட்கமாக இருந்தது. அதே நேரம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. கேட்ட சாட்டுக் கிடைத்துவிட்டது.

“மகள், உடுப்ப அடுக்காத. கொஞ்சம் பொறு” என்றேன்.

பெட்டியைத் திறந்துகொண்டிருந்த அவளுடைய கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினாள். எப்படிச் சொல்வதென்று யோசிக்க அவளுடைய கட்டிலில் உட்கார்ந்தேன். முதுகு வலித்தது. கொஞ்சம் சாய்ந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்த மாதிரி ஒரு தூக்கத்தை நான் அதற்கு முன்னர் தூங்கியதில்லை. இடம் கிடைத்த நாளிலிருந்து ஒழுங்காக மூடாத கண்கள், மேலே இரண்டு குளிசை. வான் இன்னும் வளைந்துகொண்டே போனது. மலையெல்லாம் கரைந்து எங்கள் ஊர்க் கடலாகி, கட்டிலுக்கு அடியில் வந்து வந்து போனது. உடம்பு குளிர்ந்தது, பிறகு யாரோ வெயிலைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். “நிதாகன்ன நங்கி” என்று ஒரு குரல். தூங்கு தங்கச்சி என்கிறது. யாருக்கு நான் தங்கச்சி என்று யோசித்தபடியே இன்னும் ஆழத்துக்குப் போனேன்.

அந்த ஆழத்தில் நான் யாரோ ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். பகல் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அந்த வீட்டுக்காரி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள். தும்புத்தடியால் கூட்டுகிற சத்தம், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். யாரோ வந்து கண்டிப்பான குரலில், பெற்றோர் எல்லோரும் வெளியே போகும் நேரமாகிவிட்டது என்றார்கள். வீட்டுக்காரி பதறவில்லை. பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல், இவர் களைத்துப் போயிருக்கிறார், தானாக எழும்பட்டும், நான் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்றாள். பாதி ஆங்கிலம், பாதி தட்டுத் தடுமாறிய சிங்களம். தூக்கத்தில் எனக்கு எல்லாம் தமிழ் மாதிரியே விளங்கியது. வந்த ஆள் சரி என்று போய்விட்டார். நல்ல பிள்ளையாக இருக்கிறாளே, விருந்தாளியை எழுப்பவிடாமல் எவ்வளவு பக்குவமாகக் கதைக்கிறாள், இவளைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள் என்று மனதார நினைத்தேன்.

அந்தக் குரல் கிட்ட வந்து, “உம்மா” என்றது.

கண் விழித்தேன். என் மேல் தடித்த சிவப்புக் கம்பளி ஒன்று கழுத்து வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அது அந்தச் சிங்களத் தாய் தன் மகளுக்குக் கொண்டு வந்தது. அவர் எதிர்க் கட்டிலில் இருந்து தலையை ஆட்டிச் சிரித்தார். அறையில் ஒரு தூசி இல்லை. சன்னல் அடிக்கவில்லை, துணித்துண்டால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மூலையில், படுக்கை விரிப்புக்குள் சுருட்டிக் கொண்டு வந்த தொழுகை விரிப்பு, கிப்லாத் திசை பார்த்து விரித்தபடி. என் மகள் கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு நின்றாள். அவளுடைய பெட்டி மட்டும், நான் சொன்னபடியே, மூடிக் கிடந்தது.

“அஸர் தொழுகைக்கு நேரமாகிட்டு உம்மா. குடிச்சிட்டு எழும்புங்க. தண்ணி குளிர், கொஞ்சம் சுடவெச்சி எடுத்துத் தாறன்” என்றாள்.

வீட்டுக்காரிதான். என் வீட்டில் ஒரு கோப்பை கழுவ நாலு தரம் கூப்பிட வேண்டிய பிள்ளை அவள். நான் கண்ணை மூடியிருந்த அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தில் எங்கிருந்து வந்தாள் இவள்? என்ன முடிவு என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அவளுடைய கண் ஒருமுறை மூடிக் கிடந்த பெட்டியின் பக்கம் போய் வந்தது. தேத்தண்ணியை வாங்கி ஒரு முடறு குடித்தேன். சீனி கொஞ்சம் அதிகம்.

“உடுப்ப அடுக்கு மகள்” என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். பாஷை தெரியாத அந்தத் தாயும் எங்களைப் பார்த்து அழுதார். கம்பளியை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்து, தன்னிடம் இன்னொன்று இருக்கிறதென்று சைகையால் காட்டி, என் மகளின் தலையணைக்கு மேல் வைத்தார். எனக்கு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை. அவரும் நானும் வாசலுக்கு வந்ததும் எங்கள் அரிசி மூட்டையை அவருடைய வண்டியில் ஏற்றச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்றார். விலைகேட்கிற சிங்களத்தை வைத்துக்கொண்டு நான் போட்ட சண்டையில் கடைசியாக நான்தான் வென்றேன்.

என் கணவர் அதே மரத்தடியில், தலையில் துவாய் சுற்றிக்கொண்டு நின்றார்.

“புள்ள எங்க?”

“உள்ளுக்கு. அவட அறையில.”

அவர் விடுதிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, “இவ்வளவு நேரமும் என்ன செய்தாய்?” என்றார்.

“தூங்கினன்.”

“தூங்கினியா? நான் இஞ்ச குளிருல விறைச்சிச் சாகிறன், நீ தூங்கினியா?”

ஓம் என்றேன். வானில் ஏறி உட்கார்ந்தேன். வான் புறப்பட்டபோது, மகள் உட்கார்ந்து வந்த சீற்றில் ஃபேனை வைத்திருந்தார்கள். இறங்கும்போது குளிசை போடவில்லை. ஒவ்வொரு வளைவையும் கண் திறந்தே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊர் கிட்டியதும் முதலில் உப்புக் காற்று வந்தது.

இன்றைக்கு அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். எங்கள் பகுதியில் யாருடைய மகளுக்காவது தூரத்தில் இடம் கிடைத்தால், என்ன கொண்டு போகணும் என்று கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள். கம்பளி கொண்டு போங்க, ஃபேன் வேண்டாம் என்கிறேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். மிச்சத்தை நான் சொல்வதில்லை, அதை அவரவர்தான் அங்கே போய்க் காண வேண்டும். அன்று நான் விழித்திருந்தால் நிச்சயமாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். என் மகள் யார் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.