ஆறு சனிக்கிழமையும் ஒரு வாய் ஜின்னும்

சும்மா கொடுப்பதைப்போலக் கஷ்டமான தொழில் வேறு இல்லை. காசு கேட்டால் சனம் யோசிக்கும், இலவசமென்றால் சந்தேகப்படும்.

ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, அதன்மேல் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் கப்புகள், பின்னால் சிரித்தபடி ஒரு பெண். அந்த மேசைக்குப் பின்னால் நீங்களும் நின்றிருந்தால் என் குதிக்கால் வலி உங்களுக்கு விளங்கும். அவளைக் கண்டவுடன் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைக்கிற சாதி நீங்களென்றால், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு வாசியுங்கள்.

ஒரு மதுக்கடையில், வருகிறவர்கள் ருசி பார்க்க நான் கொடுத்தது பிரெஞ்சு ஜின். பெரிய ஆலைச் சரக்கு அல்ல. ஒரு மலையடிவாரத்தில் ஒரு மனிதர் ஒரேயொரு செப்புப் பானையில் காய்ச்சுகிறார். தோட்டத்தில் வளர்த்த எதையும் போடமாட்டார். காட்டிலும் வேலியோரத்திலும் தானாக முளைத்ததை அவரே போய்ப் பிடுங்கி வருவார்: ஜூனிப்பர் காய், எல்டர் பூ, காட்டுக் கரட் விதை, ஏதோ ஒரு வேர், ஊசியிலை மரத்துத் துளிர், தொட்டால் சொறிகிற எங்களூர்க் காஞ்சோண்டிக்குத் தங்கச்சி முறையான நெட்டில் இலை. ஜின்னின் பெயரைச் சொல்லமாட்டேன். எழுதுகிற எழுத்தில் பாதியைப் பிரெஞ்சுக்காரர் வாயால் சொல்வதில்லை; நான் மட்டும் ஏன் மினக்கெடவேண்டும்?

சோதனைக்காக ஆறு சனிக்கிழமை. கடைக்காரருக்கு என்னைப் பிடித்தால் அங்கேயே நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக் குசினிக்குத் திரும்பி, ஐம்பத்திரண்டு வயதில், பிள்ளைகள் இரண்டும் வீட்டைவிட்டுப் போன பிறகு, ஓய்வுபெற்ற கணவருக்கு நாளுக்கு ஐந்து தரம் தேத்தண்ணி. இந்த வேலை எனக்கு எவ்வளவு தேவை என்று இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

பேனாவால் சொன்ன பொய்

கடைகளுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிப் பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். ஜின்னைப் பற்றி எழுதிய ஒரு தாளைத் தந்து வாசிக்கச் சொன்னாள். கொன்வென்டில் பதினொரு வருடம் முதுகை நிமிர்த்தி, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் வாசித்துப் பழகினவள் நான். விழுங்கினால் சிஸ்டர் மேசையில் அடிமட்டத்தால் தட்டுவார். வாசித்து முடித்தபோது அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு படிவம். அதில் ஒரு பெட்டி: "இந்தப் பானத்தை நான் ருசித்திருக்கிறேன், சொந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன்." நான் பிறந்ததிலிருந்து ஒரு துளி மதுவைத் தொட்டதில்லை. ஒழுக்கம் கிழுக்கம் ஒன்றுமில்லை. எங்கள் வீடுகளில் ஆண்கள் குடிப்பார்கள், பெண்கள் கிளாஸ் கழுவுவார்கள்; கழுவினதே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனாலும் பெட்டியில் டிக் போட்டேன். வாயால் பொய் சொல்லக்கூடாது என்றுதான் சிஸ்டர் படிப்பித்தார். பேனாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏஜென்சிப் பெண் படிவத்தைப் பார்க்காமலே மடித்தாள்.

"நீங்கள் வாசித்ததைக் கேட்டு, காலை பத்து மணிக்கே எனக்கு ஒன்று குடிக்கவேண்டும்போல் இருக்கிறது."

நாக்கு வேலை செய்யாத சமையல்

படையலுக்குச் சமைத்த பெண்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சாமிக்கு வைக்குமுன் நாங்கள் ருசி பார்ப்பதில்லை. சாம்பாரில் உப்புக் குறைவா, பாயசத்தில் ஏலக்காய் கூடிவிட்டதா, எல்லாவற்றையும் ஆவியில் மூக்கை நீட்டித்தான் கண்டுபிடிப்போம். அதே வித்தையை ஜின்னிடமும் காட்டினேன். பயிற்சிக்குத் தந்த போத்தலைத் திறந்து அரை மணித்தியாலம் மணந்து, ஒரு பக்கம் எழுதினேன்: முதலில் அப்போதுதான் முறித்த பச்சைக் குச்சி, பிறகு வெயிலில் காய்ந்த பெருஞ்சீரகம், கடைசியில் மழை விட்டபிறகு வேலியோரம். ஏஜென்சி தந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு இதைச் சொல்லத் தொடங்கினேன். சனம் போனைக் காதிலிருந்து எடுத்தது.

முதல் சனிக்கிழமையே மழைக்கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "காட்டில் பிடுங்கினது என்றால், அதன்மேல் நரி ஒன்றுக்குப் போயிருக்காதா?" என்று கேட்டார். காய்ச்சுகிற சூட்டில் நரியின் ஞாபகம்கூட மிஞ்சாது என்றேன். கப்பை வாங்கி உறிஞ்சினார். கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார்.

"நரி இல்லைத்தான். ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது."

காணாத இருவர்

என் கணவர் சொந்தக்காரர் எல்லோருக்கும் நான் ஒரு பிரெஞ்சு மூலிகைக் கம்பனியில் வேலை செய்வதாகச் சொல்லிவைத்திருந்தார். அது முழுப் பொய் அல்ல என்பதால் நானும் திருத்தவில்லை. கடையும் எங்கள் பக்கத்திலிருந்து பத்து ஸ்டேஷனுக்கு அப்பால். தமிழாட்கள் வரமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தவர் எங்கள் கோவில் நிர்வாகசபைச் சிவபாதம் அண்ணை. வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிற பெடியங்களை நிறுத்திவைத்து மதுவிலக்குப் பிரசங்கம் செய்கிறவர். அவரும் பத்து ஸ்டேஷன் தள்ளி வந்தால் தமிழாட்கள் இருக்கமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார். என்னைக் கண்டதும் சீஸ் தட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். நானோ பழக்கத்தில் கப்பை நீட்டிவிட்டேன். வாங்கினார். இன்னொன்று வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தங்கச்சி, நான் இஞ்ச வரேல்லை, நீங்கள் இஞ்ச நிக்கேல்லை. அந்த மூண்டாவது கப்பையும் ஒருக்காத் தாங்கோ."

முழங்கால்

பிளேஸ்டோவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த ஒரு அம்மா, மகள் வைன் தெரிவுசெய்கிற நேரத்தில் என் மேசைக்கு வந்து, நான் தமிழ் என்று கண்டதும் கதிரையில்லாத இடத்தில் கதிரை தேடினார். போத்தலில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். நெட்டில், காட்டுக் கரட் விதை, வேர், துளிர். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அப்ப இது கசாயமெல்லோ?"

"இல்லையம்மா, சாராயம்."

"வேர் போட்டதெண்டு சொன்னீர்?"

"வேர் போட்ட சாராயம்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். தான் விற்கிற பொருளின் அருமை தெரியாதவள் என்று முடிவெடுத்துவிட்டார். மகளைக் கூப்பிட்டு ஒரு போத்தல் எடுக்கச் சொன்னார். அம்மா, இது குடிக்கிற சாமான், நீங்கள் குடிக்கமாட்டீர்களே என்று கடைசியாகத் தடுத்துப் பார்த்தேன்.

"குடிக்காட்டி என்ன பிள்ளை, பூசலாம்தானே?"

வயதுக்கு அத்தாட்சி

இருபத்தைந்துக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்கவேண்டும் என்பது கடைச் சட்டம். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு நாள், நாற்பதைத் தாண்டின ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டேன். அவள் அட்டையைக் காட்டிவிட்டு இரண்டு போத்தல் வாங்கினாள். அடுத்த சனி என்னிடம் கண்ணாடி இருந்தது. அவள் மேசைக்கு முன்னால் மூன்று தரம் நடந்தாள். கடைசியில் தானே கைப்பையைத் திறந்து பிடித்தாள்.

"இன்றைக்கும் ஒருக்கால் கேட்டுவிடுங்களேன்."

சரசின் கணக்கு

கல்லாவில் நிற்கிற சரஸ் மலேசியத் தமிழ்ப்பெண். கண் கூர்மை. வேலை முடிந்ததும் ஊழியர்கள் எஞ்சிய கப்புகளைக் குடித்துக் காலியாக்குவார்கள். நான் என் பங்கைச் சிங்கில் ஊற்றுவதை நான்காவது கிழமை கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கே மனேஜர் டொமினிக் வந்து சந்தோஷச் செய்தி என்று ஒன்றைச் சொன்னான்: அடுத்த சனி ஜின் காய்ச்சுகிறவரே பிரான்சிலிருந்து வருகிறார், வாடிக்கையாளர் முன்னால் என்னோடு கிளாஸ் தட்டிக் குடிக்கப்போகிறார். கப் அல்ல, கிளாஸ். டொமினிக் போனபிறகு நான் சரசைப் பார்த்தேன். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"குடிக்கலன்னா வேலை போகும் அக்கா. குடிச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சாலும் வேலை போகும். சுளிக்காம குடிச்சிட்டீங்கன்னா, வீட்டுல அண்ணன் உங்களச் சந்தேகப்படுவாரு."

கிளாஸ்

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை, கையெல்லாம் முள் கீறல். கூட்டத்துக்குப் பின்னால் நின்று நான் சொல்வதைக் கேட்டார். என் பேச்சில் அந்த வேலியோரம் வந்தபோது தலையை ஆட்டினார். பிறகு முன்னால் வந்து இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை என் கையில் தந்தார். சுற்றிவர ஒரு டசின் பேர். டொமினிக் போனில் படம் எடுக்கத் தயார்.

ஒரு வாய் குடித்தேன். முகத்தைச் சுளிக்காமல் இருக்க என்னால் ஏலும். பிள்ளை இரண்டு பெற்றிருக்கிறேன். ஆனால் அவர் "எப்படி?" என்று கேட்டுவிட்டார். கேட்டால் வாயால்தானே பதில் சொல்லவேண்டும்? "மணம் வாசலில் நின்று கைகூப்பி உள்ளே கூப்பிடுகிறது. உள்ளே போனால் அடிக்கிறார்கள்," என்றேன். டொமினிக்கின் கழுத்து சிவந்தது. ஐந்து கிழமையாக இதைத்தானே விற்றீர்கள் என்றான். மணத்தைத்தான் விற்றேன், குடித்தது இன்றைக்குத்தான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். படிவத்துப் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பிரெஞ்சுக்காரர் தன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"என் மனைவியும் இதையேதான் சொல்கிறாள், மேடம். அதனால்தான் அவளை நான் கடைகளுக்குக் கூட்டிப்போவதில்லை."

அனுபவம் பேசுகிறது

அடுத்த கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றான் டொமினிக். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் ஊற்றின தேத்தண்ணியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது சனி போய் நின்றேன். இப்போது பெட்டியில் போட்ட டிக் உண்மையாகிவிட்டது. சொந்த அனுபவத்திலிருந்து பேசலாம். பேசினேன். முதலில் கொஞ்சம் எரியும், பிறகு நெஞ்சில் இறங்கும், தண்ணீர் விட்டால் பரவாயில்லை. எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள், மரியாதையாகப் போய்விட்டார்கள். ஒரு மணிவரை ஒரு போத்தல் அசையவில்லை. டொமினிக் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு சனியும் வருகிற கைத்தடிக் கிழவர் ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கப்பைத் தொடவில்லை.

"போன கிழமை ஒரு ஜின்னைப் பற்றிச் சொன்னீர்களே, அது எங்கே? எனக்கு அதுதான் வேண்டும்."

தீர்ப்பு

நான் குடித்ததை மறக்க முயன்றேன். போத்தலைத் திறந்து, கண்ணை மூடி, படையல் ஆவிக்கு மூக்கை நீட்டுவதுபோல நீட்டினேன். பச்சைக் குச்சி வந்தது. பெருஞ்சீரகம் வந்தது. கிழவர் தடியை மேசையில் சாய்த்துவிட்டு ஒரு போத்தல் எடுத்தார்; அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் எடுத்தார்கள். ஐந்து மணிக்கு அலுமாரித் தட்டில் மிஞ்சியது லேபிள் கிழிந்த ஒன்று மட்டும். டொமினிக் இறங்கி வந்து, புதுப் படிவம் ஒன்றை என் முன்னால் வைத்தான். நிரந்தர வேலைக்கான படிவம். அதிலும் அதே பெட்டி இருந்தது. அவனே அதைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினான்.

"வேலை உங்களுக்குத்தான். ஒரேயொரு நிபந்தனை: தயவுசெய்து இனிமேல் இதைக் குடிக்கவேண்டாம், வியாபாரம் கெட்டுப்போகிறது."

ஆக, ஒரு சாமானைப் பற்றி ஆசையோடு பேசவேண்டுமென்றால் அதை மணந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்று இந்தத் தொழில் எனக்குப் படிப்பித்தது. கல்யாணத்துக்கு முன்னமே யாராவது படிப்பித்திருந்தால் இன்னும் உபயோகமாக இருந்திருக்கும்.