பிள்ளைக் காம்பராவுக்கு மாற்று ஆள்

பூங்காவனம் இறந்துவிட்டார். நேற்று மத்தியானம், பதுளை ஆஸ்பத்திரியில்.

மகள் செல்விதான் போன் பண்ணினாள். "டீச்சர்... அம்மா போயிட்டாங்க." 

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் அம்மாக்கள் காலையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் பூங்காவனம். நடுவில் காம்பராவின் பெயரை மாற்றிப் பெரிய போர்டு ஒன்று அடித்தார்கள். கூரை மட்டும் பழைய பெயரிலேயே ஒழுகியது.

நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம்தான் காம்பரா. பாடம் நடக்கும்போதே அவர் குரல் கேட்கும்.

"ஏய், அது ஓன் வாய் இல்லடா... அவன் வாய். ஓன் சோத்த அதுல ஏன் ஊட்டுற?"

என் வகுப்பு மொத்தமும் சிரிக்கும். பிறகு எங்கே பாடம்...

உதாரணம் இல்லாமல் எனக்கு எதையும் விளக்க வராது, அவர் போன விதத்தையும். பொறுத்துக்கொள்ளுங்கள். பேங்க், தபால் கந்தோர், கிளினிக் எல்லாம் திறந்திருப்பது வேலை நேரத்தில். டீச்சர்களான எங்களுக்கு ஷார்ட் லீவ் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு பேங்குக்கும் போனோம், பல் பிடுங்கவும் போனோம்.

கொழுந்தெடுக்கும் பெண் போனால் அன்றைய சம்பளம் போகும். ஆனாலும் போகலாம். பிள்ளையைக் காம்பராவில் விட்டால் போதும். "நா பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்பார் பூங்காவனம்.

பூங்காவனம் போக வேண்டும் என்றால்?

அதற்கு மாற்று ஆள் வேண்டும். தோட்டத்தில் மாற்று ஆள் இல்லை. எப்போது கேட்டாலும் இல்லை.

செல்வியின் அடையாள அட்டை விஷயமாக ஒரு முறை அவர் கிராம சேவகரைப் பார்க்க வேண்டியிருந்தது. நானும் அன்றைக்கு ஷார்ட் லீவில் அங்கே உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஓர் ஊர்வலம் வந்து நின்றது. பழைய சேலையைக் கயிறாக முறுக்கி, நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக... முன்னால் பூங்காவனம், இடுப்பில் இன்னொன்று.

கிராம சேவகர் எழுந்தே விட்டார். இவ்வளவும் உங்கள் பிள்ளைகளா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமாங்க சேர், ஒரே பிரசவம். வெரசா கையெழுத்துப் போடுங்க, இதுல ரெண்டு ஒண்ணுக்கு வருதுன்னு நிக்குது."

அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

மறுநாள் தோட்டத்து ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளை ரோட்டில் கூட்டிப் போனதற்கு மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை இருக்காது என்றார்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நியாயமான கேள்விதான். மாற்று ஆள் கேட்டு அவர் எத்தனை தடவை வந்தார் என்பதும் நியாயமான கேள்விதான். அதை யாரும் கேட்கவில்லை.

அதோடு வேலை நேரத்தில் வெளியே போவதை அவர் விட்டுவிட்டார்.

போன வருஷம் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு உடனே பதுளைக்குப் போகச் சொன்னார்கள். கிளினிக் வார நாளில், அதுவும் காலையில். முதல் பஸ்ஸில் மலையிலிருந்து கீழே இறங்கினால் பொழுது சாயத்தான் திரும்பி மேலே வரலாம்.

ஆபீசில் கேட்டார். "மாத்து ஆள் பாத்துட்டு சொல்றோம்" என்றார்கள்.

மறுபடி கேட்டார். "பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்..."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளையில் பிரைவேட்டாக ஒரு டாக்டரிடம் காட்டினார். அவரும் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கே போகச் சொன்னார். வார நாளில்.

விஷயம் தெரிந்ததும் நானே ஆபீசுக்குப் போனேன். ஓய்வில்தானே இருக்கிறேன், ஒரு நாள் காம்பராவில் நான் இருக்கிறேன் என்றேன். வெல்ஃபேர் ஆபீசர் எழுந்து நாற்காலி போட்டார். டீ வேறு சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். வெளியாள்கிட்ட புள்ளைகள ஒப்படைக்க முடியாது. சட்டம் அப்பிடி."

வெளியாள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கைபிடித்து 'அ' எழுதக் கற்றுக் கொடுத்தவள் நான்.

காம்பரா வாசலில் பூங்காவனம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"விடுங்க டீச்சர். கட்டி எங்க ஓடிறப் போகுது? கழுத்துலதானே இருக்கு."

போன திங்கட்கிழமை பால் ஆற்றிக்கொண்டிருந்தவர் மூச்சு முட்டி விழுந்தார். தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டு போனார்கள். அன்றைக்கும் வார நாள்தான். லீவு யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு நாளாக எங்கே இருந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபமாகக் கேட்டாராம். கொழும்பிலிருந்து ஓடி வந்த செல்வி பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"வேலையில இருந்தேன் சேர்" என்றாராம் பூங்காவனம்.

செவ்வாய்க்கிழமை காலை காம்பரா வழக்கமான நேரத்துக்குத் திறந்தது. மாற்று ஆள் வந்துவிட்டார். இதே தோட்டத்து மேல் டிவிஷன் பெண். நல்ல பெண்தான், அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து போன் போயிருக்கிறது, காலையில் வந்து நின்றுவிட்டார்.

ஒரே ஒரு போன்...

அடக்கம் நாளை சாயங்காலம், கொழுந்தை எடை போட்டு வேலை முடிந்த பிறகு. அப்போதுதான் எல்லாரும் வர முடியும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்தாச்சு, பூங்காவனம். போயிட்டு வாங்க.